இரும்புத் தகடும் மெழுகுக் களிம்பும்: குழந்தைகளின் வளைந்த கால்களை நிமிர்த்திய பழைய மருத்துவம்

குழந்தையின் கால் வளைந்திருந்தால், வளைவின் உட்குழிந்த பக்கத்தில் சிறிய இரும்புத் தகடு ஒன்றை வைக்க வேண்டும். காலையும் தகட்டையும் சேர்த்துத் துணிப்பட்டையால் சுற்ற வேண்டும். பிறகு நாளுக்கு நாள் கட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கிக்கொண்டே வர வேண்டும். வளைந்த இளமரத்தின் தண்டை நிமிர்த்த என்ன செய்வோமோ, காலுக்கும் அதையே செய்ய வேண்டும். எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. 1741இல் பாரிஸில் இரண்டு தொகுதிகளாக வெளிவந்த ஒரு நூல் சொல்லும் வழி இது. எழுதியவர் நிக்கோலா ஆந்திரி. 1658இல் லியோனில் பிறந்தவர், பாரிஸ் மருத்துவப் பீடத்தின் தலைவராக இருந்தவர். நூல் வெளிவந்தபோது எண்பதைத் தாண்டிவிட்டார். அடுத்த ஆண்டே காலமானார்.

குழந்தைகளின் உடல் கோணல்களைத் தடுப்பதும் சரிசெய்வதும்தான் நூலின் பொருள். 'நேர்', 'குழந்தை' என்று பொருள்படும் இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து அவர் வைத்த 'ஆர்த்தோபெடி' என்ற தலைப்பே இன்று எலும்பு மருத்துவத் துறை முழுமைக்கும் பெயராகிவிட்டது. அந்த நூலில் உள்ள, முட்டுக்கோலோடு கயிறு சுற்றிக் கட்டப்பட்ட கோணல் மரத்தின் படம், உலகெங்கும் பல எலும்பு மருத்துவச் சங்கங்களின் சின்னமாக இருக்கிறது. அந்தச் சின்னத்தை அணிந்திருக்கும் மருத்துவர்களில் நூலின் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தவர்கள் மிகக் குறைவாகத்தான் இருப்பார்கள். பார்க்க வேண்டிய நூல் அது. அதில் சில விஷயங்கள் ஆச்சரியப்படும் அளவுக்குச் சரி. சில முழுக்கத் தவறு. எது ஏன் சரி, எது ஏன் தவறு என்று பிரித்துப் பார்த்தால், இன்று குழந்தையின் காலைத் தொடும் மருத்துவர் என்ன செய்கிறார் என்பதும் விளங்கும்.

ஆந்திரி அறுவை மருத்துவர் அல்ல. அறுவை மருத்துவர்கள் தனித்து இயங்குவதைக் கடுமையாக எதிர்த்தவர். நூலையும் அவர்களுக்காக எழுதவில்லை; குழந்தை வளர்க்கும் தாய் தந்தையருக்காக எழுதினார். அதனால்தான் அதில் கத்தி கிடையாது. நாற்காலி, மேசை, காலணி, துணிப்பட்டை, உடற்பயிற்சி என்று வீட்டில் கிடைப்பவைதான் கருவிகள். தோல், முடி, நகம், திக்குவாய் பற்றியெல்லாம்கூட எழுதியிருக்கிறார். இன்றைய கணக்கில் அதில் பாதி எலும்பு மருத்துவமே அல்ல.

உட்காரும் விதம் பற்றி அவர் எழுதிய பகுதி இன்றும் நிற்கிறது. வைக்கோல் பின்னிய நாற்காலியில் நாளடைவில் நடுப்பகுதி குழிந்துவிடும். குழிக்குள் உட்காரும் குழந்தையின் இடுப்பெலும்பு பின்பக்கம் சாயும், அதை ஈடுகட்ட முதுகு வளையும். ஆகவே இருக்கை தட்டையாக இருக்க வேண்டும் என்கிறார். குழியாமல் இருக்க, அடியில் திருகு வைத்து உயர்த்தும் பலகையையும் சொல்கிறார். மேசை அளவுக்கு மீறி உயர்ந்திருந்தால் எழுதும்போது தோள்கள் காதை நோக்கி ஏறும். தாழ்ந்திருந்தால் குழந்தை கூன் போடும். பள்ளி மேசை வாங்கும் எவரும் இன்றைக்கும் பார்க்க வேண்டியவை இவை.

தோள் விஷயம் இன்னும் சுவையானது. ஒரு தோள் தாழ்ந்திருந்தால், ஏறியிருக்கும் தோளின் மேல் பாரத்தை வைத்து அழுத்தத்தான் யாருக்கும் தோன்றும். ஆந்திரி நேர்மாறாகச் சொல்கிறார்: பாரத்தைத் தாழ்ந்த தோளில் வையுங்கள். பாரம் சுமக்கும் தோள் தன்னையறியாமல் மேலே எழும் என்பது அவருடைய கவனிப்பு. உண்மைதான். தோளில் பை மாட்டியவர் பை நழுவாமலிருக்க அந்தத் தோளைத் தூக்கிக்கொண்டே நடப்பதைப் பேருந்து நிறுத்தத்தில் நின்று பார்த்தால் தெரியும். கழுத்திலிருந்து தோளுக்கு இறங்கும் தசை சுருங்கி அந்த வேலையைச் செய்கிறது. எதிர்ப்பு கொடுத்துத் தசையைப் பழக்கும் இன்றைய பயிற்சி முறையின் கரு இதில் இருக்கிறது.

ஆனால் இது பழக்கத்தால் தாழ்ந்த தோளுக்கு மட்டுமே பொருந்தும். முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்து, கூடவே தன்னச்சில் முறுக்கியும் இருந்தால், விலா எலும்புகளும் சேர்ந்து திரும்பி ஒரு பக்கத் தோள்பட்டையைத் தள்ளிக்கொண்டு நிற்கும். தோளில் எதை வைத்தாலும் அந்த முறுக்கு அவிழாது. குழந்தையை முன்பக்கமாகக் குனியச் சொல்லி, பின்னாலிருந்து முதுகைப் பார்த்தால் இரண்டையும் பிரித்துவிடலாம். பழக்கக் கோணலில் குனிந்ததும் முதுகின் இருபுறமும் சமமாகிவிடும். எலும்பு முறுக்கியிருந்தால் ஒரு பக்கம் மேடாக எழுந்து நிற்கும். இந்தச் சோதனை ஆந்திரியின் காலத்தில் கிடையாது. அவருடைய பெரிய குறையும் அதுதான்: எல்லாக் கோணலுக்கும் காரணம் பழக்கமும் வளர்ப்பும் என்று கொண்டார்.

இப்போது அந்த இரும்புத் தகடு. அது வேலை செய்யுமா?

நல்ல உடல்நலமுள்ள குழந்தையின் கால் எலும்பு நடுப்பகுதியில் கெட்டியானது. வெளியிலிருந்து கொடுக்கும் அழுத்தத்துக்கு அது வளையாது. தகட்டுக் கட்டின் விசை முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் போய்ச் சேரும். அங்கிருக்கும் தசைநார்கள் தளரும். கால் நேரானது போலத் தோன்றும், எலும்பு அப்படியே இருக்கும். நாள்தோறும் இறுக்குவதில் வேறு ஆபத்துகளும் உண்டு. முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்கத்தில், தோலுக்கடியிலேயே ஒரு நரம்பு எலும்பைச் சுற்றிப் போகிறது. அதன் மேல் கட்டு இறுகினால் பாதத்தை மேலே தூக்க முடியாமல் போகும். கணைக்கால் எலும்பின் முன்விளிம்பில் தோல் மெல்லியது, அங்கே புண் வரும். எந்தக் கட்டுப் போட்டாலும் விரல்நுனிகள் வெளியே தெரிய வேண்டும் என்று இன்று வற்புறுத்துவது இதனால்தான். நகத்தை அழுத்தி விட்டால் இரண்டு நொடிக்குள் இளஞ்சிவப்பு திரும்ப வேண்டும். திரும்பவில்லை என்றாலோ, விரல்கள் சில்லிட்டு நீலம் பாய்ந்தாலோ, கட்டை உடனே பிரிக்க வேண்டும்.

எலும்பு வடிவம் மாறும் இடம் வேறு: இரு முனைகளிலும் உள்ள வளர்ச்சித் தட்டு. குருத்தெலும்பால் ஆன இந்த மெல்லிய அடுக்கில்தான் எலும்பு நீளுகிறது. அங்கே அழுத்தம் கூடினால் வளர்ச்சி மெதுவாகும், குறைந்தால் வேகம் பிடிக்கும். 1862இல் ஜெர்மானிய மருத்துவர்கள் ஹ்யூட்டரும் ஃபோல்க்மனும் இதை எழுதினார்கள். இந்த விதியை வைத்துத்தான் இன்று முழங்கால் கோணலைத் திருத்துகிறார்கள். இரண்டு திருகுகள் கொண்ட சிறு உலோகத் தகட்டை வளர்ச்சித் தட்டுக்குக் குறுக்கே, எலும்பின் மேல் பொருத்துவார்கள். தகடு வைத்த பக்கம் வளர்ச்சி தடைபடும். எதிர்ப்பக்கம் வளர்ந்து வளர்ந்து கால் நேராகும். மாதத்துக்கு ஒரு பாகை அல்லது அதற்கும் குறைவாகத்தான் திருந்தும். நேரானதும் தகட்டை எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் எதிர்ப்பக்கம் கோணும். கவனியுங்கள், ஆந்திரி தகட்டை வளைவின் உட்குழிந்த பக்கத்தில் வைத்தார். இன்று வைப்பது புடைத்த பக்கத்தில். அவர் எலும்பைத் தகட்டை நோக்கி இழுக்கப் பார்த்தார். இன்றைய தகடு எலும்பைத் தொட்டு வளைப்பதே இல்லை, வளர்ச்சியை ஒரு பக்கம் நிறுத்தி வைப்பதோடு சரி.

அப்படியானால் ஆந்திரியின் தகட்டால் கால் நேரானதாகக் கண்ட பெற்றோர்கள் பொய் சொன்னார்களா? இல்லை. அவர்கள் கண்டது உண்மை, காரணம்தான் வேறு. பிறக்கும்போது எல்லாக் குழந்தைகளின் கால்களும் வில்லாகத்தான் இருக்கும். ஒன்றரை வயதிலிருந்து இரண்டு வயதுக்குள் தானாக நேராகும். அதோடு நிற்காது. மூன்று, நான்கு வயதில் முட்டிகள் இடித்துக்கொண்டு பாதங்கள் விலகி நிற்கும். பத்துப் பன்னிரண்டு பாகை வரை போகும். ஏழு வயதுவாக்கில் பெரியவர்களுக்கு இருப்பது போன்ற லேசான உட்சாய்வில் நிலைபெறும். 1975இல் ஃபின்லாந்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் எக்ஸ்ரேக்களை அளந்து வெளியிட்ட ஆய்வு இந்தப் போக்கைக் கோடுபோட்டுக் காட்டியது. பதினான்காம் மாதத்தில் தகடு கட்டினால் இரண்டாம் வயதில் பெயர் தகட்டுக்குத்தான் போகும். கட்டாமல் விட்டிருந்தாலும் கால் நேராகியிருக்கும். இருபதாம் நூற்றாண்டிலும் பல நாடுகளில் குழந்தைகளுக்கு இரும்புக் கம்பி வைத்த காலணிகளை மாட்டிவிட்டுக்கொண்டிருந்ததற்கு இதே குழப்பம்தான் காரணம். வருத்தமாக இருக்கிறது, எத்தனை குழந்தைகள் ஓடி விளையாட வேண்டிய வயதில் தேவையே இல்லாமல் அந்தப் பாரத்தை இழுத்துத் திரிந்தார்கள்.

தானாகத் திருந்தாத வளைவுகளும் உண்டு, அவற்றைத் தவறவிடக் கூடாது. ஒரு கால் மட்டும் வளைந்திருப்பது, மூன்று வயதாகியும் வில்கால் குறையாமல் கூடுவது, வயதுக்கேற்ற உயரம் இல்லாதது, மணிக்கட்டு தடித்திருப்பது, நடக்கும்போது வலிப்பதாகச் சொல்வது. இவற்றில் ஒன்று இருந்தாலும் எக்ஸ்ரேயும் இரத்தப் பரிசோதனையும் தேவை.

மணிக்கட்டுத் தடிப்பு, எலும்பில் சுண்ணாம்புச் சத்து சரியாகப் படியாத ரிக்கெட்ஸ் நோயின் அடையாளம். பழைய நூல்கள் பேசும் கோணல்களில் பல இந்த நோயால் வந்தவையாக இருக்கலாம். 1645இல் டேனியல் விஸ்லர் என்ற ஆங்கிலேய மாணவர் ஹாலந்தின் லைடன் நகரில் இதைப் பற்றி ஆய்வேடு எழுதினார். 1650இல் லண்டனில் ஃப்ரான்சிஸ் கிளிசன் மற்ற மருத்துவர்களோடு சேர்ந்து முழு நூலே எழுதினார். பெருத்த தலை, விலா எலும்பு முனைகளில் மணிமணியான முடிச்சுகள், துருத்திய மார்பெலும்பு, உப்பிய வயிறு, வளைந்த கால்கள் என்று கிளிசன் எழுதிய அடையாளங்களை இன்றைய பாடநூலில் அப்படியே சேர்க்கலாம். எலும்பு ஏன் வளைகிறது என்பதற்கு, ஒரு பக்கம் ஊட்டம் அதிகமாகிறது, மறுபக்கம் குறைகிறது என்றார். செங்கல் தூணின் ஒரு பக்கத்தில் மட்டும் ஆப்புகளைச் செருகினால் தூண் மறுபக்கம் வளையும் என்று விளக்கினார். ஒரு பக்க வளர்ச்சி கூடுதல் என்ற எண்ணம், ஹ்யூட்டர், ஃபோல்க்மனுக்கு இருநூறு ஆண்டு முன்னால்.

சிகிச்சைதான் காலை வாரியது. மார்பைச் சுற்றி அக்குளுக்கடியில் ஒரு பட்டை, தாடைக்கும் பின்தலைக்கும் ஒரு பட்டை, கைகளுக்குப் பிடிகள். இவற்றில் குழந்தையை அந்தரத்தில் தொங்கவிட்டு ஆட்டுவது. சிலர் கால்களில் ஈயக் காலணி மாட்டிக் கீழ்நோக்கி இழுக்கவும் செய்தார்கள். தொங்கும் நேரம் முதுகு நீளும், இறக்கி நிற்க வைத்ததும் உடல்பாரம் பழைய வளைவுக்கே கொண்டுபோய்விடும். எலும்பில் சுண்ணாம்புச் சத்து படியவே இல்லையென்றால் எந்தக் கட்டும் எந்த இழுப்பும் நிலைக்காது. அந்தப் படிதலுக்கு வைட்டமின் டி வேண்டும், வைட்டமின் டிக்கு வெயில் வேண்டும் அல்லது மீன் எண்ணெய் போன்ற உணவு வேண்டும். வெயிலைப் பற்றி 1822இலேயே போலந்து மருத்துவர் ஸ்னியாடெட்ஸ்கி எழுதிவிட்டார். ஆனாலும் 1919இல் ஆங்கிலேய ஆய்வாளர் மெலன்பி நாய்க்குட்டிகளுக்கு ரிக்கெட்ஸ் வரவைத்து உணவால் குணப்படுத்திக் காட்டி, அதே ஆண்டில் பெர்லினில் ஹுல்ட்ஷின்ஸ்கி புற ஊதா விளக்கால் குழந்தைகளைக் குணப்படுத்திய பிறகுதான் வாதம் ஓய்ந்தது. சிறு குழந்தைக்கு நோய் தணிந்தால் வளைந்த கால்களும் பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளில் தாமாக நேராகின்றன.

தடுப்பு என்ற பெயரில் நெடுங்காலம் நடந்தது துணி சுற்றுவது. கி.பி. 100ஐ ஒட்டி வாழ்ந்த எஃபெசஸ் நகரத்துக் கிரேக்க மருத்துவர் சொரானஸ் அதை விரிவாக எழுதியிருக்கிறார். மென்மையான, சுத்தமான கம்பளிப் பட்டைகள். சில மூன்று விரல் அகலம், சில நான்கு விரல். கை, மார்பு, கால் என்று தனித்தனியாகச் சுற்றி, முழங்கால்களும் கணுக்கால்களும் ஒன்றோடொன்று உரசாதபடி இடையில் கம்பளி வைத்து, பிறகு மொத்தமாகச் சுற்றுவது. நாற்பது நாளிலிருந்து அறுபது நாளுக்குள் படிப்படியாக அவிழ்ப்பது. ரோமாபுரிக் குழந்தைகளுக்குக் கால் கோணலாவது ஏன் என்பதற்கும் அவர் விடை தேடினார். நகருக்கடியில் ஓடும் குளிர்ந்த நீர்தான் காரணம் என்று சிலர் சொன்னதை ஏற்கவில்லை. குழந்தைகளைச் சீக்கிரமே நிற்க விடுகிறார்கள், தரையோ கடினமான கல்தரை, பார்த்துக்கொள்ளும் அக்கறையும் போதாது என்றார். ரிக்கெட்ஸ் என்ற எண்ணமே இல்லாத காலத்தில் உடல்பாரத்தைக் காரணமாகப் பிடித்தது கூர்மையான கவனிப்பு. பழி தாய்மார் மேல் விழுந்தது மட்டும் நியாயமில்லை.

கால்களை நீட்டி ஒன்றாகச் சேர்த்துச் சுற்றுவது இடுப்பு மூட்டுக்குக் கேடு. பிறந்த குழந்தையின் இடுப்புக் கிண்ணம் ஆழமில்லாதது, பெரும்பகுதி குருத்தெலும்பு. தொடையெலும்பின் தலை அதற்குள் நடுவாக அமர, தொடைகள் மடங்கி அகன்றிருக்க வேண்டும். நீட்டிக் கட்டினால் தலை கிண்ணத்தின் விளிம்பை நோக்கி நகரும், சில குழந்தைகளுக்கு விலகியே போகும். துணி சுற்றுவதாக இருந்தால் மார்பும் கைகளும் போதும், கால்கள் உதைக்க இடம் வேண்டும். நம் பெண்கள் குழந்தையை இடுப்பில் கால்களை அகட்டி உட்காரவைத்துச் சுமப்பது இந்த வகையில் மிக நல்ல பழக்கம்.

எண்ணெய்க் குளியலில் குழந்தையைக் கால்மேல் கிடத்திக் கைகாலை உருவிவிடுவதும் மூக்கை நீவிவிடுவதும் நம்மூரில் இன்றும் உண்டு. சொரானஸின் நூலிலும் கைகால்களையும் தலையையும் மூக்கையும் பிடித்துவிட்டு வடிவம் கொடுக்கும் பகுதி இருக்கிறது. இதமாகப் பிடித்துவிடுவதில் தவறில்லை. பிறந்த குழந்தையின் இடுப்பும் முழங்காலும் இயல்பாகவே முழுதாக நீளாது. அதைக் குறையென்று நினைத்து வலிந்து நீட்டக் கூடாது. மூக்கை நீவி வடிவம் மாறுவதில்லை. ஆனால் காது மடல் மாறும்! தாயிடமிருந்து வந்த ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் முதல் சில வாரங்கள் குழந்தையின் இரத்தத்தில் இருப்பதால் காதின் குருத்தெலும்பு மென்மையாக இருக்கும். அந்த நாட்களில் அச்சு வைத்துச் சில வாரம் ஒட்டிவைத்தால், மடங்கிய காது அறுவையில்லாமல் சரியாகிறது. வடிவம் கொடுப்பதற்கு ஒரு கை நீவுதல் போதாது, இடைவிடாமல் பிடித்து வைத்திருக்க வேண்டும் என்பதற்கு இது தெளிவான சான்று.

முதுகுக்கான கவசத்தைப் பற்றி 16ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சு அறுவை மருத்துவர் அம்ப்ருவாஸ் பாரே சொன்னது அவ்வளவும் நடைமுறை அறிவு. மெல்லிய இரும்பில் செய்து, பாரம் குறைய முழுக்கத் துளைகள் போட்டு, உள்ளே பஞ்சு வைக்க வேண்டும். வளரும் பிள்ளைக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், இல்லையென்றால் நன்மைக்குப் பதில் கேடுதான். இன்று பிளாஸ்டிக். 2013இல் வெளியான அமெரிக்க ஆய்வில், கவசம் போட்டவர்களில் 72 விழுக்காட்டினருக்கும் போடாதவர்களில் 48 விழுக்காட்டினருக்கும் வளைவு அறுவை தேவைப்படும் அளவுக்குப் போகாமல் நின்றது. நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரமாவது அணிந்தவர்களிடம் பலன் 90 விழுக்காட்டைத் தாண்டியது. கவசம் இருக்கும் வளைவை நிமிர்த்துவதில்லை, வளர்ச்சி முடியும் வரை கூடாமல் பார்த்துக்கொள்கிறது.

இவ்வளவையும் தாண்டி, பழைய மருத்துவத்தில் நான் மிகவும் மதிக்கும் பக்கங்கள் ஆந்திரிக்கு இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் முந்தியவை. கி.மு. 400ஐ ஒட்டி எழுதப்பட்ட, ஹிப்போக்ரட்டீஸ் பெயரில் வழங்கும் மூட்டுகள் பற்றிய நூலில் பிறவி வளைபாதத்துக்கான சிகிச்சை இருக்கிறது. வளைபாதம் என்பது பாதம் உள்பக்கம் திரும்பி, குதிகால் மேலேறி, உள்ளங்கால் உடலின் நடுக்கோட்டைப் பார்த்தபடி இருக்கும் நிலை. நூல் முதலில் சொல்வது, இதில் ஒன்றுக்கு மேற்பட்ட வகை உண்டு என்பது. அடுத்தது, பெரும்பாலானவை மூட்டு முழுதாக விலகியவை அல்ல, பாதம் அந்த நிலையிலேயே இருந்து இறுகியவை, ஆகவே குணமாகும். எலும்புகள் சிறுத்து, கெண்டைக்கால் சூம்புவதற்கு முன்னால், முடிந்தவரை சீக்கிரம் தொடங்க வேண்டும்.

கட்டும் முறை இது. கணுக்காலில் கால் எலும்பை வெளியிலிருந்து உள்நோக்கியும், குதிகால் எலும்பை உள்ளிருந்து வெளிநோக்கியும் ஒரே நேரத்தில் தள்ளிப் பாதத்தைத் திருப்ப வேண்டும். மெழுகு பொம்மையை உருட்டித் திரட்டுவது போல, கையால், மெதுவாக. திருப்பிய நிலையில் மெழுகும் எண்ணெயும் சேர்ந்த களிம்பில் மரப்பிசின் நிறையக் கலந்து தடவ வேண்டும். கட்டு நழுவாமல் ஒட்டிப் பிடிப்பதற்குப் பிசின். மேலே துணித்திண்டுகள், அதற்கு மேல் மென்மையான பட்டைகள் போதிய அளவு, ஆனால் அதிகம் இறுக்காமல். பட்டை சுற்றும் திசையும் கை திருப்பிய திசையாகவே இருக்க வேண்டும். ஓர் உள்ளங்கால் தகடு, மிருதுவான தோலிலோ ஈயத்திலோ செய்தது, தோலை ஒட்டி வைக்காமல் கடைசிச் சுற்றுகளுக்குச் சற்று முன் வைக்க வேண்டும். எல்லாம் முடிந்ததும், பாதத்தின் அடியில் சுண்டுவிரல் நேரே ஒரு பட்டையின் முனையைக் கட்டோடு தைத்து, அதை மேலே இழுத்துக் கெண்டைக்காலைச் சுற்றிக் கட்ட வேண்டும்.

அந்தத் தையலைச் சற்று நேரம் யோசித்துப் பாருங்கள். பட்டை சுண்டுவிரல் பக்கத்திலிருந்து மேலே இழுக்கிறது. பாதத்தின் வெளிவிளிம்பு உயர்கிறது, உள்ளங்கால் வெளிப்பக்கம் திரும்புகிறது. நோய் எந்தப் பக்கம் இழுக்கிறதோ அதற்கு நேரெதிரான ஒரு விசை, இரவும் பகலும், குழந்தை தூங்கும்போதும். சரியான நிலைக்கு மேல் இன்னும் சற்று வெளிப்பக்கம் சாய்ந்தாற்போல் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது நூல். பிறகு ஈயத்தில் சிறு காலணி. கத்தி வேண்டாம், சூடு வேண்டாம், சிக்கலான கருவி எதுவும் வேண்டாம். ஆனால் பாதம் சரியான நிலையில் வளர்ந்து நிலைபெறும் வரை காலம் வேண்டும்.

இந்தப் பொறுமையைப் பின்வந்தவர்கள் கைவிட்டதுதான் வளைபாதத்தின் துயர வரலாறு. எல்லோரும் அல்ல. 1780இல் சுவிட்சர்லாந்தின் ஓர்ப் நகரில் ழான் ஆந்த்ரே வெனெல் இத்தகைய குழந்தைகளுக்கென்றே ஒரு மருத்துவமனை தொடங்கினார். பிள்ளைகள் மாதக்கணக்கில் அங்கேயே தங்கினார்கள், படித்தார்கள்; பாதங்களின் அச்சுகளைச் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் சாந்தில் எடுத்து வைத்தார். 1831இல் ஜெர்மனியின் ஹனோவரில் ஸ்ட்ரோமேயர் என்ற அறுவை மருத்துவர், தோலில் சிறு துளை மட்டும் இட்டுக் குதிகால் தசைநாணை வெட்டும் முறையைச் செய்து காட்டினார். 1816இல் பிரான்சின் மோன்பெலியேயில் டெல்பெஷ் இதே நாணை வெட்டியபோது சீழ் பிடித்திருந்தது. துளை சிறியதானதும் அந்த ஆபத்து பெரிதும் குறைந்தது. 1836இல் ஸ்ட்ரோமேயரிடம் தன் பாதத்தையே சரிசெய்துகொண்ட ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் லிட்டில், லண்டன் திரும்பி இதற்கென ஒரு மருத்துவமனை உருவாகக் காரணமானார். ஆனால் மயக்க மருந்து வந்த பிறகு வலிமைக்கு மவுசு கூடியது. இரும்புத் திருகி வைத்துப் பாதத்தை ஒரே அமர்வில் முறுக்கித் திருப்பினார்கள். தசைநார்கள் கிழிந்தன, குருத்தெலும்பு நசுங்கியது. இருபதாம் நூற்றாண்டில் மூட்டுகளை விரிவாகத் திறந்து செய்த அறுவைகள் வந்தன. குழந்தைப் பருவத்தில் அழகாகத் தெரிந்த பாதங்கள் நடுவயதில் விறைத்து வலித்தன.

கையால் மெதுவாகத் திருத்தும் வழிக்குத் திரும்பி வந்தவர் அமெரிக்காவின் அயோவாவில் பணியாற்றிய இக்னாசியோ பொன்செட்டி. 1940களின் இறுதியில் தொடங்கியவர்; உலகம் ஏற்றுக்கொள்ள ஐம்பது ஆண்டு ஆனது. இன்று தமிழ்நாட்டு மருத்துவமனைகளிலும் வளைபாதத்துக்கு முதல் வழி இதுதான். பிறந்த ஓரிரு வாரத்தில் தொடங்கலாம். வாரம் ஒரு மாவுக்கட்டு, பெரும்பாலும் ஐந்தாறு கட்டுகள், விரல்நுனியிலிருந்து தொடை வரை, முழங்காலைச் செங்கோணமாக மடக்கி. முழங்காலுக்குக் கீழே நிறுத்தினால் கட்டு நழுவும், பாதம் உள்ளே முறுக்கிக்கொள்ளும்.

முதல் கட்டில் பாதத்தை வெளியே திருப்பக் கூடாது. கட்டைவிரல் பக்கத்து முன்பாதத்தை மேலே தூக்கி, உள்ளங்காலின் ஆழ்ந்த குழிவை மட்டும் சரிசெய்ய வேண்டும். பார்ப்பதற்குக் கோணல் கூடியது போலவே இருக்கும், பெற்றோர் பதறுவார்கள். அனுபவமில்லாதவர் இங்கேதான் தவறுவார்: உள்ளங்காலை வெளிப்பக்கம் முறுக்கிவிடுவார். முறுக்கினால் குழிவு இன்னும் ஆழமாகும், குதிகால் எலும்பு பூட்டிக்கொள்ளும். அடுத்த கட்டுகளில், கணுக்காலுக்கு முன்னால் வெளிப்பக்கம் துருத்தியிருக்கும் டேலஸ் எலும்பின் தலையில் கைப் பெருவிரலை ஊன்றி, முன்பாதத்தை வாரத்துக்கு வாரம் வெளியே நகர்த்த வேண்டும், அறுபது எழுபது பாகை வரும் வரை. குதிகாலைத் தொடவே கூடாது. டேலஸுக்கு அடியில் குதிகால் எலும்பு தானே சுழன்று வெளியே வரும். ஹிப்போக்ரட்டீஸ் நூல் குதிகாலைத் தள்ளச் சொன்னது; இருபத்துநான்கு நூற்றாண்டுகளில் அந்த முறையில் வந்த அடிப்படைத் திருத்தம் இது ஒன்றுதான் என்பது என் கருத்து. பெருவிரலை ஒரு சென்டிமீட்டர் தள்ளி, குதிகால் எலும்பு முன்னெலும்போடு சேரும் மூட்டில் ஊன்றினாலும் குதிகாலின் சுழற்சி நின்றுவிடும். மாதக்கணக்கில் கட்டுப் போட்டும் திருந்தாத பாதங்களில் பலவற்றுக்குக் காரணம் அந்த ஒரு சென்டிமீட்டர்.

கடைசியில் மேலேறிய குதிகாலை இறக்க, பெரும்பாலான பாதங்களுக்குத் தசைநாணை வெட்ட வேண்டியிருக்கும், ஸ்ட்ரோமேயர் செய்த அதே சிறு துளை வழியாக, பகுதி மரப்பு மருந்தில். மூன்று வாரக் கட்டுக்குள் நாண் நீண்டு வளர்ந்து சேர்ந்துவிடும். பிறகு பிரேஸ்: தோள் அகலத்துக்கு ஒரு கம்பி, இரு முனையிலும் காலணி, வளைந்திருந்த பாதத்துக்கு எழுபது பாகை வெளித்திருப்பம், நல்ல பாதத்துக்கு நாற்பது. முதல் மூன்று மாதம் நாளொன்றுக்கு இருபத்துமூன்று மணி நேரம். அதன் பின் நான்கு வயது வரை தூங்கும் நேரமெல்லாம், பன்னிரண்டு முதல் பதினான்கு மணி நேரம்.

கட்டு முடிந்து பாதம் நேராகத் தெரிந்ததும் பிரேஸை நிறுத்திவிடுவதுதான் கோணல் திரும்புவதற்கு முதற்காரணம். பாதத்தை வளைத்த இறுக்கம் கட்டோடு மறைவதில்லை, முதல் சில ஆண்டுகள் அது இழுத்துக்கொண்டேயிருக்கும். மாட்டிய முதல் இரண்டு மூன்று நாள் குழந்தை அழும். வலியால் அல்ல, கால்களைத் தனித்தனியாக உதைக்க முடியாததால். கம்பியைப் பிடித்து இரண்டு முழங்கால்களையும் சேர்த்து மடக்கி நீட்டி விளையாட்டுக் காட்டினால் சேர்த்து உதைக்கப் பழகிக்கொள்ளும். பருத்திக் காலுறை போட்டு, கடினமான பாதத்தை முதலில் மாட்டி, நடுப்பட்டையை மற்றவற்றைவிட இறுக்கிக் கட்ட வேண்டும். குதிகாலை உள்ளே பிடித்து வைப்பது அதுதான். தோல் சற்றே சிவப்பது இயல்பு. கடுஞ்சிவப்போ கொப்புளமோ வந்தால் குதிகால் மேலேறி உரசுகிறது என்று பொருள். களிம்பு தடவாமல் பட்டையை இன்னும் ஒரு துளை இறுக்க வேண்டும். பல காலணிகளில் குதிகால் பக்கம் ஒரு சிறு திறப்பு இருக்கும். மாட்டி முடித்ததும் அதன் வழியே பார்த்தால், குதிகால் அடித்தளத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று தெரிந்துவிடும்.